லாரி மோதி இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் மட்டும்தானா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை வீட்டுக்காரர் கொத்தனார், 34 வயது. வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது லாரி மோதி இறந்துவிட்டார், நாலு மாதம் ஆகிறது. வீட்டில் தங்கை, இரண்டு பிள்ளைகள், மாமியார். இப்போது லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் வந்ததாகச் சொல்லி ஒருவர், "புதுச் சட்டப்படி 5 லட்சம், கோர்ட்டு கேஸ் எதுவும் வேண்டாம், கையெழுத்துப் போட்டால் ஒரே மாதத்தில் பணம்" என்கிறாராம். பாதிக்கப்பட்டவர்களுக்காகத்தானே அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியது, அப்படியென்றால் இவ்வளவுதானா, வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

தங்கையைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். அந்த ஆள் சொல்வதில் பாதி உண்மை. புதுச் சட்டத்தில் 5 லட்சம் என்று ஒரு வழி இருப்பது நிஜம். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது, முதல் வழியில் பணத்தை வாங்கினால் இரண்டாவது வழி அடைபட்டுவிடும் என்பதையும் அதே சட்டம்தான் சொல்கிறது. அதைச் சொல்லாமல் பேனாவை நீட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் 18 வருஷம் வேலை செய்திருக்கிறேன், அந்த ஒரு கையெழுத்தால் பிள்ளைகளின் படிப்பையே இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், அப்போதுதான் இந்த 5 லட்சம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் வந்தது. ரோட்டில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, நாம் தேர்ட் பார்ட்டி என்று சொல்வது, கட்டாயம். வண்டிக்காரரைக் காப்பாற்ற வந்ததல்ல அது, அவர் வண்டியால் அடிபடுகிறவருக்காக வந்தது. அடிபட்டவர் பணம் வாங்க வேண்டுமென்றால், டிரைவர் மேல் தப்பு என்று தீர்ப்பாயத்தில், அதாவது விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கிற கோர்ட்டில், நிரூபிக்க வேண்டும். ஏழைக் குடும்பங்களால் அது முடிவதில்லை என்று 1994இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். தப்பு யார் மேல் என்று பார்க்காமல் ஓர் அட்டவணைப்படி கொடுத்துவிடலாம் என்பது அந்தத் திருத்தம், 163ஏ பிரிவு. நல்ல எண்ணம்தான். ஆனால் வருஷ வருமானம் 40,000 ரூபாய்க்குள் இருப்பவருக்குத்தான் அது என்று வரம்பு வைத்தார்கள், ஈமச் சடங்குக்கு 2,000 ரூபாய், வைத்தியச் செலவுக்கு அதிகபட்சம் 15,000 என்று எழுதி வைத்தார்கள், அப்புறம் அந்த எண்களை இருபத்து மூன்று வருஷத்துக்கு மேல் யாரும் தொடவே இல்லை. 2013இல் உச்ச நீதிமன்றமே புட்டம்மா வழக்கில் இந்த அட்டவணையைத் திருத்துங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் 2018 மே மாதம்தான் புது அட்டவணை வந்தது. மரணம் என்றால் 5 லட்சம், வருஷா வருஷம் 5 சதவீதம் தானாகக் கூடும் என்று.

அடுத்ததுதான் 2019 திருத்தச் சட்டம். அதன் காப்பீட்டுப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பழைய 163ஏ போய்விட்டது. அதன் இடத்தில் 164ஆம் பிரிவு: தப்பு யார் மேல் என்று நிரூபிக்கவே வேண்டாம், மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். வருமான வரம்பு போனது நல்லது. ஆனால் கவனியுங்கள், 2018இல் இருந்த அந்த வருஷா வருஷம் 5 சதவீதம் என்பது 164இல் இல்லை. 2018இலும் 5 லட்சம், இன்றைக்கும் 5 லட்சம்தான். 1994இல் செய்த அதே தவறு, எண்ணைப் போட்டுவிட்டு அதைக் காலத்தோடு நகரவிடாமல் ஆணி அடித்து வைப்பது, மறுபடியும் நடந்திருக்கிறது. இந்தத் திருத்தத்தைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய வருத்தங்களில் இது ஒன்று.

இன்னொரு வழி 166ஆம் பிரிவு. இங்கே எதிர் வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால், இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் குடும்பத்துக்கு என்ன கொடுத்திருப்பாரோ அதைக் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். இந்தக் கணக்கு நீதிபதிக்கு நீதிபதி மாறுகிற ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2009இல் சரளா வர்மா வழக்கிலும், 2017 அக்டோபரில் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வாய்ப்பாடே கொடுத்துவிட்டது. உங்கள் மாப்பிள்ளைக்கே போட்டுப் பார்ப்போம்.

மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம், வருஷத்துக்கு 2,16,000. 40 வயதுக்குக் கீழ், சொந்தத் தொழில் அல்லது நிரந்தரமில்லாத வேலை என்றால் வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும், 3,02,400 ஆகிறது. அவரை நம்பி நாலு பேர் இருப்பதால் அவருடைய சொந்தச் செலவு என்று கால் பங்கைக் கழிப்பார்கள், மிச்சம் 2,26,800. 31 முதல் 35 வயது வரைக்கும் பெருக்குத் தொகை, அதாவது வயதைப் பார்த்துப் பெருக்குகிற எண், 16. பெருக்கினால் 36,28,800 ரூபாய். இதற்கு மேல் மனைவி, பிள்ளைகள், தாய் ஒவ்வொருவருக்கும் துணையை, அரவணைப்பை இழந்ததற்காக ஒரு தொகை, சொத்து இழப்பு, இறுதிச் சடங்கு. இவற்றை 2017இல் 40,000, 15,000, 15,000 என்று வைத்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னார்கள். எல்லாம் சேர்த்தால் 38 லட்சத்தைத் தாண்டும். மனு போட்ட நாளிலிருந்து வட்டி வேறு, இங்கே பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள்.

38 லட்சம் எங்கே, 5 லட்சம் எங்கே.

வருமானத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் எதிர்த் தரப்பு 18,000ஐ ஒத்துக்கொள்ளாது, தீர்ப்பாயம் 14,000 என்றோ 15,000 என்றோ எடுக்கலாம். ஹெல்மெட் போடவில்லை, அவரும் வேகமாக வந்தார் என்று சொல்லி ஒரு பங்கைக் கழிக்கப் பார்ப்பார்கள். இதெல்லாம் நடக்கும். பாதியாகக் குறைந்தாலும் 19 லட்சம் வருகிறது.

இங்கேதான் 166ஆம் பிரிவில் 2019இல் சேர்த்த ஒரு வரி முக்கியம். 164இன் கீழ் இழப்பீட்டை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் இருக்கும் மனு காலாவதியாகிவிடும். முன்பணம் மாதிரி 5 லட்சத்தை வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு அப்புறம் வழக்கு நடத்தலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முடியாது. 2019க்கு முன்பு 140ஆம் பிரிவில் அப்படி ஒன்று இருந்தது, மரணத்துக்கு 50,000 ரூபாய் முதலில் வாங்கிக்கொண்டு வழக்கைத் தொடரலாம். சின்னத் தொகைதான், ஆனால் காரியச் செலவுக்கும் வாடகைக்கும் கையில் காசில்லாத குடும்பத்துக்கு அது ஒரு பிடிமானம். அதை எடுத்துவிட்டு 5 லட்சமா வழக்கா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று வைத்திருக்கிறார்கள். வீட்டில் அடுப்பு எரியாத நேரத்தில் அந்தத் தேர்வு உண்மையான தேர்வே இல்லை.

அதற்காக 164ஐயே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சில குடும்பங்களுக்கு அதுதான் சரியான வழி. இறந்தவர் 70 வயது, மாதம் 8,000 ரூபாய்க்கு வாட்ச்மேன் வேலை பார்த்தார் என்றால் பெருக்குத் தொகை வெறும் 5, வருங்கால உயர்வும் கிடையாது. எல்லாம் சேர்த்தாலும் 5 லட்சத்தை ஒட்டித்தான் வரும், அதற்கு மூணு நாலு வருஷம் அலைய வேண்டும். அப்புறம் சாட்சியே இல்லாத விபத்து, போலீஸ் எஃப்.ஐ.ஆரே இறந்தவர் மேல் போட்டுவிட்ட விபத்து, இவற்றுக்கெல்லாம் 164 ஒரு வரம். உங்கள் விஷயத்தில் லாரி டிரைவர் மேல்தான் எஃப்.ஐ.ஆர். என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே 166தான்.

இன்னொன்று, இன்சூரன்ஸ் கம்பெனி சமரசம் பேசுவதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். புதிய 149ஆம் பிரிவு அதைத்தான் செய்யச் சொல்கிறது. விபத்துத் தகவல் வந்ததும் கம்பெனி ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும், அவர் 30 நாளுக்குள் ஒரு தொகையை முன்வைக்கலாம், குடும்பம் ஒத்துக்கொண்டால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும், அதிலிருந்து 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கு விசாரணைக்குப் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சமரசம் நடக்க வேண்டிய இடம் தீர்ப்பாயத்தின் முன், உங்கள் தங்கை வீட்டுத் திண்ணையில் இல்லை. முன்வைக்கும் தொகையும் 5 லட்சமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, மேலே போட்ட கணக்குப்படி 30 லட்சம் என்றுகூட முன்வைக்கலாம். நேர்மையான அதிகாரிகள் அப்படிச் செய்தும் பார்த்திருக்கிறேன்.

லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி 38 லட்சம் தர வேண்டியிருந்தால் தருமா, அதற்கு உச்சவரம்பு இல்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, உயிருக்கும் உடல் காயத்துக்கும் தீர்ப்பாயம் விதிக்கிற தொகை எவ்வளவோ அவ்வளவும் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். இது சும்மா கிடைத்ததில்லை. 2016இல் கொண்டுவந்த மசோதாவில் கம்பெனியின் பொறுப்பு மரணத்துக்கு 10 லட்சம், கொடுங்காயத்துக்கு 5 லட்சம் என்று வரம்பு போடப் பார்த்தார்கள். அதற்கு மேல் வரும் தொகையை லாரி ஓனரிடம் போய் வாங்கிக்கொள் என்று அர்த்தம். ஒற்றை லாரியைக் கடனில் ஓட்டுகிற மனிதரிடம் 28 லட்சம் எப்படி வாங்குவது? எதிர்ப்பு வந்தது, 2017இல் மக்களவையில் நிறைவேறும்போது அந்த வரம்பு எடுக்கப்பட்டது. அது மட்டும் சட்டமாகியிருந்தால் இன்றைக்கு உங்களுக்கு நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

சரி, இந்தச் சீர்திருத்தத்தில் நான் மிகவும் மதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அது பணத் தொகை இல்லை, வேலையை யார் தலையில் வைத்தார்கள் என்பது. முன்பெல்லாம் எஃப்.ஐ.ஆர். காப்பியிலிருந்து, மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட், வண்டியின் பாலிசி நம்பர் வரைக்கும் எல்லாவற்றையும் குடும்பமே ஸ்டேஷனுக்கும் ஆர்டிஓ ஆபீசுக்கும் நடந்து வாங்க வேண்டும். இப்போது 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஒரு காப்பி தர வேண்டும். 10 நாளுக்குள் உங்களுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று எழுதிய படிவம் தர வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை. டிரைவரும் ஓனரும் 30 நாளில் தங்கள் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். இதெல்லாம் ஏறுகிற இணைய அமைப்பை உருவாக்கியதில் நம் சென்னை ஐஐடிக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த முறை டெல்லியில் உயர் நீதிமன்றத்தின் முயற்சியால் பல வருஷம் நடத்திப் பார்த்து, அங்கே வேலை செய்ததால்தான் நாடு முழுவதற்கும் வந்தது.

அதோடு 166(4) சொல்வது இன்னும் பெரிது. போலீஸ் அனுப்பும் அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாத, வக்கீல் வைக்க வசதியில்லாத ஒரு பெண் வீட்டிலேயே இருந்தாலும் அவருடைய வழக்கு கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். சட்டம் எழுதியவர்களுக்கு இந்த ஒரு வரிக்காகவே நன்றி சொல்லலாம்.

ஆனால் நடைமுறை? உங்கள் தங்கைக்கு நாலு மாதத்தில் அந்த உரிமைப் படிவம் வந்ததா? உங்கள் கேள்வியைப் படித்தாலே வரவில்லை என்று தெரிகிறது. 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கென்று போலீசில் தனிப் பிரிவு வைக்கச் சொன்னது. நான் பார்க்கிற ஸ்டேஷன்களில் பந்தோபஸ்து, திருட்டு, குடும்பச் சண்டை எல்லாம் பார்க்கிற அதே ரெண்டு ஏட்டுகள்தான் இந்தப் படிவங்களையும் நிரப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஆள் கொடுக்காமல் 90 நாள் கெடு மட்டும் கொடுத்தால் என்ன செய்வார்கள்? 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 பேர் சாவு. ஒவ்வொன்றுக்கும் இத்தனை படிவம்.

இந்த இடத்தில்தான் சீர்திருத்தத்தின் மோசமான பகுதி கடிக்கிறது. 1994க்கு அப்புறம் இழப்பீட்டு மனு போட காலக்கெடு எதுவும் கிடையாது. 2019 திருத்தம் விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்று கெடு வைத்துவிட்டது. தலையில் அடிபட்டு மூணு மாதம் ஐசியூவில் கிடந்தவன், கணவனைப் பறிகொடுத்துப் பித்துப் பிடித்தாற்போல் உட்கார்ந்திருப்பவள், இவர்களுக்கு 6 மாதம் என்பது எவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்று அதை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 6 மாதம் தாண்டியது என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. நிம்மதிதான். ஆனாலும் இடைக்கால உத்தரவை நம்பிக் காத்திருக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கிறது.

சிகிச்சை விஷயம் உங்கள் வீட்டுக்கு இனி உதவாது, மன்னியுங்கள், ஆனால் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். விபத்துக்குப் பின் முதல் ஒரு மணி நேரத்தை சட்டமே பொன்னான நேரம் என்று வரையறுத்து, அதில் பணம் கேட்காமல் சிகிச்சை தர ஒரு திட்டம் போட வேண்டும் என்று 162ஆம் பிரிவில் எழுதிவிட்டது. எழுதிவிட்டு, அமலுக்கு வந்து மூணு வருஷம் ஆகியும் திட்டம் வரவில்லை. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் போட்ட பொதுநல வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 8 அன்று, மார்ச் 14க்குள் திட்டத்தைக் கொண்டுவா என்று உத்தரவிட்டது. அந்தத் தேதியும் தாண்டி மே 5இல் அறிவிப்பு வந்தது. ஒருவருக்கு 1.5 லட்சம் வரை, 7 நாள் வரை, பட்டியலில் இருக்கும் மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை. இதில் நாம் கொஞ்சம் பெருமைப்படலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலேயே இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டம் வந்துவிட்டது, முதல் 48 மணி நேரத்துக்கு 1 லட்சம் வரை, அதைப் பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள். வெளி மாநிலத்தவர் நம் ரோட்டில் அடிபட்டாலும் உண்டு.

அதே ராஜசேகரன் வழக்கில் வந்த உத்தரவால்தான் 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு 5 வருஷம், புது காருக்கு 3 வருஷம் தேர்ட் பார்ட்டி காப்பீட்டை வாங்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கிறது. ஷோரூமில் ஆன்ரோடு விலையைப் பார்த்து எல்லோரும் முணுமுணுக்கிறோம். ஆனால் நாட்டில் ஓடுகிற வண்டிகளில் ஏறத்தாழ பாதிக்கு இன்சூரன்ஸ் கிடையாது, முக்கால்வாசி பழைய பைக்குகள். அப்படி ஒரு வண்டி மோதினால் கையில் தீர்ப்பு இருக்கும், பணம் இருக்காது. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு 2022இல் நிர்ணயித்த வருஷப் பிரீமியம் 714 ரூபாய். ரெண்டு பேர் ஒரு நாள் பிரியாணி சாப்பிடுகிற காசு. அதைக் கட்டாதவனுக்கு முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 4,000, சிறையும் உண்டு என்று சட்டம் சொல்கிறது, பிடிக்கிறவர் யார்?

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் நிலைமை இன்னும் கொடுமை. 2022இல் நாடு முழுக்க அப்படி 67,387 விபத்துகள். அவர்களுக்கென்று அரசுத் திட்டம் ஒன்று உண்டு, அதில் முன்பு 25,000 ரூபாயாக இருந்த மரண இழப்பீட்டை 2 லட்சமாக ஆக்கினார்கள், கொடுங்காயத்துக்கு 12,500 என்பதை 50,000 ஆக்கினார்கள். நல்ல உயர்வு. ஆனால் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கணக்கைப் பார்த்தபோது, 2022-23இல் நாடு முழுவதிலிருந்தும் இந்தப் பணம் கேட்டு வந்த மனுக்கள் வெறும் 205. தீர்த்து வைத்தது 95. அத்தனை ஆயிரம் விபத்தில் 205 பேர். யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். போலீசே குடும்பத்திடம் இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்று அப்போது உத்தரவு போட்டார்கள். உங்கள் ஊரில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள், கோட்டாட்சியர் ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும், அங்கிருந்து கலெக்டருக்குப் போய் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும்.

சீர்திருத்தம் தொடாமலே விட்ட ஒரு ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன், இது நம் எல்லார் வீட்டுக்கும் உள்ளது. கணவன் ஓட்டுகிறார், மனைவி பின்னால் உட்கார்ந்திருக்கிறார், வேகத்தடையில் தூக்கிப் போட்டு மனைவி விழுந்து தலையில் அடி. வேறு வண்டி எதுவும் இல்லை. பைக்குக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் மனைவிக்கு எதுவும் கிடைக்காது, பின்னால் உட்காருபவரும் சொந்தக் காரில் வருபவர்களும் அந்தப் பாலிசியில் சேரமாட்டார்கள் என்பது 2006 திலக் சிங் தீர்ப்பு முதல் நிலைத்துவிட்டது. பேக்கேஜ் பாலிசி, ஜனங்கள் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்வது, இருந்தால் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாதிரி ஒரு வழக்கைப் பார்த்து மனம் நொந்துதான், புது வண்டிகளுக்கு 5 வருஷம் முழுக் காப்பீடு கட்டாயம் என்று உத்தரவிட்டது, கம்பெனிகளால் நடைமுறைப்படுத்த முடியாது என்றதும் அடுத்த மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஓட்டுகிறவருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பு தனியாக உண்டு, புதுப்பிக்கும்போது அதை வேண்டாம் என்று டிக் செய்துவிடாதீர்கள்.

இனி உங்கள் தங்கை செய்ய வேண்டியது.

காகிதங்கள்தான் முதல் வேலை. சில வருஷம் முன்பு ஓர் அம்மா என்னிடம் வந்தார். கையில் மஞ்சள் பை, உள்ளே மகனின் 41 நாள் ஆஸ்பத்திரி பில் முழுவதும் ரப்பர் பேண்டு போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்துப் பிரித்தால் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். மெடிக்கல் ஷாப்பில் மெஷினில் அடித்துத் தருகிற வழவழப்பான பில் இருக்கிறதே, அதில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துப் போய்விடும், அதுவும் வெயில்படும் இடத்தில் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த அம்மா ஒவ்வொரு வெள்ளைத் தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது ஊசி வாங்கினது, இது ரத்தத்துக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குத் தெரிகிறது, கோர்ட்டுக்குத் தெரியாது. லட்ச ரூபாய்க்கு மேல் அப்படிப் போயிற்று. ஆகவே உங்கள் வீட்டில் என்ன பில் இருந்தாலும் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள்.

எஃப்.ஐ.ஆர்., விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்த ரஃப் ஸ்கெட்ச், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். லாரி நம்பரை எம்பரிவாஹன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரியும், விபத்து நாளன்று அது உயிரோடு இருந்ததா என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு ஆதார் கார்டை மட்டும் நம்பாதீர்கள், பிறந்த தேதிக்கு அது ஆதாரமில்லை என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளிக்கூட டி.சி.யைத் தேடி எடுங்கள், 35க்கும் 36க்கும் நடுவில் பெருக்குத் தொகையே மாறும். வருமானத்துக்கு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அது, மேஸ்திரியின் சம்பள நோட்டு, ஜிபேயில் கூலி வந்த பதிவு, கடைசியாக வேலை செய்த வீட்டுக்காரரின் வாக்குமூலம். மேஸ்திரியிடம் இப்போதே பேசுங்கள், இரண்டு வருஷம் கழித்து அவர் எந்த ஊரில் இருப்பாரோ.

வழக்கை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, தங்கை குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வக்கீல் ஃபீஸ் பற்றிக் கேட்டீர்கள். வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவது வக்கீல் தொழில் விதிப்படியே தவறு, யாராவது 30 சதவீதம், 40 சதவீதம் என்று ஒப்பந்தம் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட்டு வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும். தங்கை பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு தொடங்கிவிடுங்கள், மாமியாரோடு கூட்டுக் கணக்கு வேண்டாம். பிள்ளைகளின் பங்கு 18 வயது வரை டெபாசிட்டில் இருக்கும், அதை யாரும் தொட முடியாது. மாமியாரும் மகனைப் பறிகொடுத்தவர்தான், அவருடைய பங்கையும் மனுவில் தனியாகக் கேளுங்கள், அப்புறம் வீட்டுக்குள் மனஸ்தாபம் வராது.

அப்புறம் ஸ்டேஷனுக்குப் போய், விரிவான விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டதா, எந்தத் தேதியில் என்று எழுதிக் கேளுங்கள். 90 நாள் தாண்டிவிட்டது, போயிருக்க வேண்டும். போயிருந்தால் அது அங்கே ஏற்கெனவே மனுவாக இருக்கும், நீங்கள் போடுவதோடு சேர்த்துவிடுவார்கள். போகவில்லையென்றாலும் காத்திருக்காமல் மனுவைப் போட்டுவிடுங்கள்.

அந்த இன்சூரன்ஸ் ஆள் மறுபடி வந்தால் சண்டை போட வேண்டாம். எந்தப் பிரிவின் கீழ் கொடுக்கிறீர்கள், கணக்கு எப்படிப் போட்டீர்கள், நீங்கள் கம்பெனி நியமித்த அதிகாரிதானா என்று மூன்று கேள்வி கேட்டு, பதிலைக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் தரச் சொல்லுங்கள். தந்தால் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்கிறேன்.